ஆள் இல்லாமல் புல் வெட்டிய நாள்

செஞ்சியில் புல்தரை வேண்டாம் என்று நர்சரிக்காரர் எனக்கு முதலிலேயே சொன்னார். இங்கே மண்ணில் பாதி கல், கோடையில் பாறைகள் ராத்திரி முழுக்கச் சூடு கக்கும், கொரியன் புல்லெல்லாம் ஊட்டிக்காரர்களுக்குச் சரி, உங்களுக்கு வாசலில் நாலு செம்பருத்தி வைத்துத் தருகிறேன் என்றார். நல்ல மனிதர். நான்தான் கேட்கவில்லை.

நீங்கள் துரைக்கண்ணுவைப் பற்றிக் கேட்டீர்கள் ஐயா, நான் புல்லைப் பற்றிப் பேசுகிறேன். உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் புல்லைச் சொல்லாமல் அவனைச் சொல்ல முடியாது.

பஜாரில் எனக்கு உரக்கடை இருந்தது. வயதானதும் கடையைக் கொடுத்துவிட்டு அவலூர்பேட்டை சாலையில் வீடு கட்டினேன். மாடி ஜன்னலில் நின்றால் ராஜகிரி மலை தெரியும், கீழே பார்த்தால் என் புல்தரை தெரியும். துரைக்கண்ணு என் கடையில் மூட்டை தூக்கியவன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். கடையை விற்றபோது வாங்கியவர் அவனை வேண்டாம் என்றார். நான்தான் வீட்டுக்கு அழைத்து வந்து தோட்ட வேலை கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனைத் தெருவில் விட்டவன் இல்லை நான்.

தள்ளுகிற மெஷினை வைத்துக்கொண்டு அவன்தான் புல் வெட்டினான். நன்றாகத்தான் வெட்டினான். ஆனால் ஆள் என்றால் ஆளுக்குரிய தொல்லைகள் உண்டு. மகளுக்குப் பிரசவம் என்று போனான். சம்பந்தி வீட்டில் சாவு என்று போனான். ஒரு முறை என் பழைய கடைச் சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்தபோது புல் கணுக்கால் உயரம் நின்றது. நான் பார்த்தேன், அவர்களும் பார்த்தார்கள்.

அந்த வருடம் ஓசூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டபத்தைச் சுற்றிப் பெரிய புல்வெளி. அதில் ஆமை மாதிரி ஒரு மெஷின் தானாக ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் ஆள் இல்லை. சாப்பாட்டுக்குப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று என் மனைவி அமலா இன்றும் சொல்வாள். ஊருக்குத் திரும்பிய அடுத்த வாரமே ஆர்டர் கொடுத்துவிட்டேன். நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காசுக்கு நல்ல நிலைமையில் உள்ள பழைய கார் இன்னொன்று வாங்கலாம் என்றாள் அமலா. காருக்கு டிரைவர் வேண்டும், இதற்கு யாருமே வேண்டாம் என்றேன். அப்போது அதை மனதார நம்பித்தான் சொன்னேன்.

வாங்குகிற விலை வேறு, வைத்திருக்கிற விலை வேறு. உரம் விற்ற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மலை மறைப்பதால் மெஷினுக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை என்று மொட்டை மாடியில் கம்பம் நட்டு ஆன்டெனா வைத்தார்கள். கோட்டைக் குரங்குகள் வந்து மெஷின் மேல் ஏறி உட்கார்ந்தன, சென்சார் மூடியைப் பிடுங்கின. கம்பி வேலி போட்டேன். அதன் பிளேடு சவர பிளேடு மாதிரி சின்னது, எங்கள் ஊர்ச் சரளைக்கல் பட்டால் இரண்டு வாரம் தாங்காது, சென்னையிலிருந்து கூரியரில் வர வேண்டும். கல்லைப் பொறுக்கிவிட்டு மண் கொட்டிச் சமன் செய்தேன். புது மண்ணுக்குத் தண்ணீர் போதவில்லை, போர் போட்டேன். முதல் மழைக் காலத்திலேயே பேட்டரி போய்விட்டது. அதற்குக் கம்பெனி பொறுப்பில்லையாம், புதியதை நானே வாங்கிப் போட்டேன்.

இத்தனைக்கும் பிறகு அதற்கு ஒரு ஆளும் வேண்டியிருந்தது. விழுந்த தென்னை மட்டையை எடுக்க, சாணியை அள்ள, சக்கரத்தில் சுற்றிய கொடியை அறுக்க. அந்த ஆள் துரைக்கண்ணுதான்.

அவன் அதை வெறுக்கவில்லை. 'தம்பி' என்று அதைக் கூப்பிட்டான். மழை தூறினால் சாக்கைப் போட்டு மூடுவான். மெஷினின் முதுகில் சிவப்பாக ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் நின்றுவிடும், வீடே அதிரும்படி கத்தும். எங்காவது சிக்கினால் அவன் அதை அழுத்துவான், நான் வெளியே வருவேன். மாடிப்படி ஏறி வந்து என்னைக் கூப்பிட அவனுக்குக் கூச்சம். "பட்டன அமுக்குனா மொதலாளி ஓடியாந்துருவாரு" என்று அவன் மனைவி மீனம்பாளிடம் சிரித்துக்கொண்டு சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

வெட்டுகிற வேலை இப்போது அவனுடையது இல்லை என்பதால் சம்பளத்தைப் பாதியாக்கினேன். நியாயம்தானே. தலையைச் சொறிந்துகொண்டான்.

"இன்னா மொதலாளி, வேல அதேதான இருக்குது. முன்ன புல்ல பாத்துகினேன், இப்ப இத்தயும் சேத்து பாத்துக்கறேன்."

"புல்லை வெட்டுறது யாரு?"

"தம்பிதான்."

"அப்புறம்?"

மறுநாள் வழக்கம்போல வந்தான்.

ஒரு நாள் சக்கரத்தில் சிக்கிய கயிற்றை எடுக்கப் போனவன் மெஷினைச் சாய்த்துப் பிடித்திருக்கிறான். சாய்த்தால் நின்றுவிட வேண்டும். ஆனால் அந்த சென்சார் சும்மா சும்மா நிறுத்துகிறது என்று நான் அதைச் சர்வீஸ்காரரிடம் சொல்லி அணைத்து வைத்திருந்தேன். அவன் வலது காலில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. தையல் போட நான்தான் காரில் அழைத்துப் போனேன், சீட்டில் சாக்கு விரித்து. மூன்று பிளேடுகள் வளைந்துவிட்டன. அந்தக் காசை நான் அவனிடம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் சற்று இழுத்து நடந்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் என்று சொல்ல முடியாது. அந்த நடை யாரிடமாவது எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பது போல இருந்தது. ஊரில் சிரிப்பது என் காதுக்கும் வந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "கோட்டைய காவல் காக்கக்கூட அந்தக் காலத்துல இவ்ளோ செலவு ஆயிருக்காது போலக்குதே, சார்?" நானும் சிரித்தேன்.

ரஞ்சித் அமலாவின் தம்பி. ஆடி மாதத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்போது சிவப்புப் பொத்தான் கத்தியது. நான் சோற்றுக் கையோடு எழுந்தேன்.

"உக்காருங்க மச்சான்," என்றான் ரஞ்சித். "நாலு லட்சத்துக்கு மெஷினு, அதுக்கு ஒரு வேலக்காரன், அந்த வேலக்காரனுக்கு நீங்க வேலக்காரன்."

அமலா சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"ஒரு நாளு," என்றான் ரஞ்சித். "ஒரே ஒரு நாளு, மனுசன் கை படாம அது முழுசா வெட்டி முடிக்கட்டும். நான் மேல்மலையனூர்ல மொட்ட போட்டுக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து பாரு," என்றேன்.

சனிக்கிழமை துரைக்கண்ணு தரையைப் பெருக்கிச் சுத்தம் செய்தான். கிளம்பும்போது, நாளைக்கு வர வேண்டாம் என்றேன்.

"ஆடிக் காத்து இந்தப் போடு போடுது. மட்ட கிட்ட விழுந்தா?"

"விழட்டும். நீ வராதே."

"இன்னா மொதலாளி, என் மேல கோவமா?"

இல்லை என்றேன். அவன் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

ஞாயிறன்று அமலா ரஞ்சித்தோடு திருவண்ணாமலைக்குப் போனாள். அங்கிருந்து இருவரும் நேராக வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. மதியம் சாப்பிட்டதும் மெஷினை ஓடவிட்டு மாடிக்கு வந்தேன். ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். அது எவ்வளவு முடித்திருக்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெட்டிய இடம் பச்சையாக நிரம்பிக்கொண்டே வரும். பார்க்கப் பார்க்க மனதுக்கு நிம்மதியாக இருக்கும்.

மெஷினில் கேமரா உண்டு. வழியில் ஏதாவது கிடந்தால் சற்று நிற்கும், படம் எடுத்து அனுப்பும். போன் மணி அடிக்கும். சுற்றிப் போகவா, நிற்கவா என்று கேட்கும். முதல் மணி அடித்தபோது ஏதோ மட்டை என்றுதான் நினைத்தேன். மட்டைதான். கூடவே துரைக்கண்ணுவும் இருந்தான். பக்கவாட்டுக் கதவு வழியாக வந்திருக்க வேண்டும், சாவி அவனிடம் ஒன்று உண்டு. தென்னை மட்டை ஒரு கையில், மறு கை மார்பில், புல்லில் உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

வராதே என்று சொல்லியும் வந்திருக்கிறான். எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. களைப்பு, எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். சுற்றிப் போ என்று அழுத்தினேன்.

அடுத்த முறை மணி அடித்தபோது அவன் படுத்திருந்தான். குடிக்கிறவன் இல்லை, அது எனக்குத் தெரியும். ஜன்னல் ஓரம் போய் நேராகவே பார்த்தேன். கால்கள் அசைந்தன. செருப்பு ஒன்று தள்ளிக் கிடந்தது. நெஞ்சுவலி என்று புரிந்துகொள்ள டாக்டராக இருக்க வேண்டியதில்லை. என் அப்பாவும் அப்படித்தான் போனார்.

என் கார் வாசலில் நின்றது. அரசு ஆஸ்பத்திரி தூரமில்லை. இதையெல்லாம் நான் யோசிக்காமல் இல்லை, வரிசையாகவே யோசித்தேன். நான் இறங்கிப் போக வேண்டும். ஒற்றையாளாக அவனைத் தூக்க முடியாது, சாலையில் போகிற யாரையாவது கூப்பிட வேண்டும். நாலு பேர் புல்லில் ஓடுவார்கள். அவசரத்தில் யாராவது மெஷினை எடுத்து ஓரமாக வைப்பார்கள். சாயங்காலம் ரஞ்சித் வருவான். இன்றைக்கும் ஆள் கை பட்டுவிட்டதா மச்சான் என்பான். பரிதாபமான முகத்தோடுதான் சொல்வான், ஆனாலும் சொல்வான். பாதிக்கு மேல் முடிந்திருந்தது. முடிந்தவுடன் போகலாம் என்று தீர்மானித்தேன். அதில் தவறு இருப்பதாக அப்போது தெரியவில்லை.

சுற்றிப் போ என்று மறுபடி அழுத்தினேன்.

அந்த நேரம் பார்த்து மெஷினுக்குச் சார்ஜ் குறைந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டுத் தன் சார்ஜ் மேடைக்குப் போய் நின்றுகொண்டது. பழைய பேட்டரியாக இருந்திருந்தால் சார்ஜ் ஏற மாலை வரை நின்றிருக்கும். புதியதற்கு ஒரு மணி நேரம் போல ஆகும். காத்திருந்தேன். கீழே இறங்கி ஃபிரிட்ஜிலிருந்து மோர் எடுத்துக் குடித்தேன். சமையலறை ஜன்னலுக்கு அவன் கிடந்த இடம் இன்னும் பக்கம். அவன் வாய் அசைந்தது. கூப்பிட்டானா என்று கேட்டீர்கள். கூப்பிட்டிருக்கலாம். காற்றில் தென்னை மரங்களின் இரைச்சல்தான் பெரிதாக இருந்தது. தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனேன்.

மெஷின் மறுபடி கிளம்பியபோது அவன் அதைப் பார்த்தான். இதை நான் அமலாவிடம்கூடச் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அவன் குப்புறப் புரண்டான். முழங்கையை ஊன்றி ஊன்றி அதை நோக்கி நகர ஆரம்பித்தான். முதலில் எனக்கு விளங்கவில்லை. பைத்தியமா இவனுக்கு, ஏற்கெனவே கால் விரல் போனது போதாதா என்று நினைத்தேன். பிறகு விளங்கியது. அவனிடம் போன் கிடையாது, அவன் வீட்டில் இருந்த ஒரே போனும் மீனம்பாளிடம் இருந்தது. குரல் எட்டவில்லை. அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நான் வருவேன் என்பது அவன் நம்பிக்கை.

மெஷின் அவன் அருகே வந்து நின்று படம் அனுப்பியது. படம் முழுக்க அவன் முகம். கண்கள் கேமராவைப் பார்த்தன. அவன் என்னைப் பார்க்கவில்லை, கேமராக் கண்ணாடியைத்தான் பார்த்தான் என்பதை நினைவில் வையுங்கள். கை மேலே வந்தது. பொத்தானுக்கும் விரலுக்கும் ஒரு சாண் இருந்திருக்கும்.

போனில் அம்புக்குறிகள் உண்டு. அவற்றை அழுத்தினால் மெஷினை நாமே ஓட்டலாம். நான் அதைப் பின்னால் எடுத்தேன்.

அவன் கை புல்லில் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னும் சற்று ஊர்ந்தான், மறுபடி கையைத் தூக்கினான். மறுபடி பின்னால் எடுத்தேன். அவன் அதைப் பார்த்து ஏதோ சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. ஆட்டுக்குட்டியை வா வா என்று கூப்பிடுவார்களே, அந்த முகம். மூன்றாவது முறை அவன் நகரவே இல்லை. கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டான். நான் அம்புக்குறியை விட்டேன். மெஷின் தன் வழியே போயிற்று. அதன் பிறகு ஒரு தடங்கலும் இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வேலை முடிந்துவிட்டதாகப் போனில் வந்தது. நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ரஞ்சித்தின் கார் வந்துவிட்டது. அமலாதான் முதலில் பார்த்தாள். "துரைக்கண்ணண்ணா" என்று ஓடினாள். ரஞ்சித் தூக்கினான். உடம்பில் இன்னும் சூடு இருக்குது என்றான். அவர்கள் மூவரும் காரில் போனார்கள், அதாவது அமலா, ரஞ்சித், அவன். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

புல்தரை அழகாக இருந்தது. அவன் கிடந்த இடத்தில் மட்டும் புல் உயரமாக நின்றது, ஒரு ஆள் நீளத்துக்கு. கால்பக்கம் அவன் ஊர்ந்த வழியும் வெட்டுப்படாமல் நசுங்கிக் கிடந்தது. மெஷினை அங்கே கொண்டுபோய் அந்த இடத்தையும் முடித்தேன்.

ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். வரும்போதே போயிருந்தது, ஆனால் போய் அதிக நேரம் ஆகவில்லை என்றார்களாம். அமலா திரும்பி வந்து வாசல் விளக்கைப் போட்டுப் புல்லைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"நான் போவும்போது அவர் படுத்திருந்த எடத்துல புல்லு நின்னுகினு இருந்துச்சே," என்றாள்.

"முடிச்சுட்டேன்."

"அப்போ அவர் விழுந்த பொறவுதான் மெஷினு அவர சுத்திகினு போயிருக்குது." பிறகு என் சட்டைப் பையில் இருந்த போனைப் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் அது மணி அடித்து அடித்துக் கேட்பதை அவள் எத்தனையோ முறை பார்த்தவள். "சொல்லாம அது சுத்திப் போவாதே. நீ சொன்னியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை நீ என்று சொன்னதில்லை. ரஞ்சித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். மொட்டையைப் பற்றி நானும் எதுவும் கேட்கவில்லை, அது மரியாதையாக இருக்காது.

காலையில் மீனம்பாள் வந்தாள். அழுது முடித்த முகம். படியேறாமல் கீழேயே நின்றாள்.

"மொதலாளி, கடசியா எதுனா சொன்னாரா?"

"நான் மாடியில தூங்கிட்டேன் மீனம்பா. ஒண்ணும் கேக்கல."

"கூப்டாம இருக்க மாட்டாரே," என்றாள். "உடம்புக்கு முடியலன்னா உங்களத்தான கூப்புடுவாரு. நீ வர்றதுக்குள்ள மொதலாளி வந்துருவாருன்னு என்கிட்ட சொல்லுவாரு." என்னைக் குற்றம் சொல்ல அவள் வரவில்லை. அவன் தனியாகக் கிடந்து போகவில்லை என்று யாராவது சொன்னால் போதும் என்று வந்திருந்தாள். நான் செலவுக்குப் பணம் எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு கும்பிட்டாள்.

அமலா கதவருகே நின்று இதைக் கேட்டாள். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். மீனம்பாளின் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள், தானும் ஏறிக்கொண்டாள். அவர்கள் ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறார்கள் என்று மத்தியானம் நீங்கள் வந்த பிறகுதான் தெரிந்தது.

மிச்சப் புல்லை எதற்கு வெட்டினாய் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள் ஐயா. தடயத்தை அழிக்க என்று எழுதப் போகிறீர்கள். அப்படி எழுதாதீர்கள், அது பொய். அவன் சாகட்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொத்தானை அவன் கைக்கு எட்டாமல் இழுத்தேன். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் புல்லை மறைப்பதற்காக வெட்டவில்லை. அத்தனை பெரிய தரையில் அந்த ஒரு இடம் மட்டும் பாக்கி நின்றது, பார்க்க நன்றாக இல்லை. துரைக்கண்ணு எந்த வேலையையும் அரைகுறையாக விடுகிறவன் இல்லை. அவன் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.